கரேம் நிற்கிறது, சபதம் ஏன் உதிர்கிறது? குறுகிய காலக் குறிக்கோளுக்கு அறிகுறி பார்த்துப் பழுது நீக்கல்

மொரீசியசில் ஜனவரி முதல் தேதி எடுத்த சபதம் பெரும்பாலும் பத்தாம் தேதியைத் தாண்டாது. வாசலில் வெடித்த பட்டாசுக் குப்பையையே அதற்குள் முழுதாகக் கூட்டியிருக்க மாட்டோம். காலை ஓட்டம், சர்க்கரை போடாத தேநீர், மாதாமாதம் சேமிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக உதிரும். அப்புறம் கோயிலில் தைப்பூசக் கொடி ஏறும். சர்க்கரையை மூன்று நாள் விட முடியாத அதே ஆள் பத்து நாள் கவிச்சி தொடமாட்டார், ஒரு சொட்டுக் குடிக்கமாட்டார், விடியுமுன் குளித்துவிடுவார். கிரியோலில் இதைக் கரேம் என்கிறோம். பத்தாம் நாள் வேல் குத்திக்கொண்டு, கொதிக்கிற தார்ச்சாலையில் வெறுங்காலோடு காவடி சுமப்பார்.

இவருக்கு வைராக்கியம் இல்லை என்று யார் சொல்வது? பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று நம் பெரியவர்கள் கேலி செய்வார்கள். அந்தப் பட்டியலில் புதுவருட வைராக்கியத்தையும் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் கரேம் மட்டும் எப்படி நிற்கிறது? ஆள் ஒன்றுதான், ஏற்பாடுதான் வேறு என்பது என் எண்ணம். விரதத்துக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் முன்பே தெரியும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் குழப்பம் இல்லை. வீடு முழுக்கச் சேர்ந்து இருக்கிறது. நம் சொந்தக் குறிக்கோளுக்கு இதில் ஒன்றுகூட இருப்பதில்லை. எது இல்லை என்று கண்டுபிடித்தால் பழுது எங்கே என்று தெரிந்துவிடும்.

நான் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறேன். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு. கீழே இருப்பவை அந்த வகுப்பிலும் என் வீட்டிலும் பார்த்த கோளாறுகள். உங்கள் புலம்பல் எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ அங்கே நேராகப் போங்கள். பத்து நாளில் இருந்து இரண்டு மாதத்துக்குள் முடிகிற காரியங்களுக்குத்தான் இது. வீடு கட்டுவதற்கும் பெண்ணுக்கு வரன் தேடுவதற்கும் இதைக் கொண்டுபோகாதீர்கள்.

"தொடங்க வேண்டும் என்று தினம் நினைக்கிறேன், தொடங்கத்தான் முடியவில்லை"

முதல் சோதனை: உங்கள் குறிக்கோளை ஃபோட்டோ எடுக்க முடியுமா? "உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்பதைப் படம் எடுக்க முடியாது. "சாயங்காலம் மெட்ரோவில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வீடுவரை நடக்கிறேன்" என்பதை எடுக்கலாம். படத்தில் இடம் தெரிகிறது, நேரம் தெரிகிறது, காலில் என்ன செருப்பு என்பதுகூடத் தெரிகிறது.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இதை மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார், 1997இல் வெளியானது. கிறிஸ்துமசுக்கு முந்தின மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு பகுதியினரிடம் மட்டும், எப்போது எங்கே உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே குறித்துத் தரச் சொன்னார். குறித்துத் தந்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் எழுதி அனுப்பினார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். பண்டிகை நேரத்தில் வீட்டுப்பாடம் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

சரிசெய்ய: "இது முடிந்ததும் அது" என்று ஒரே வரியில் எழுதுங்கள். மணியைவிட நிகழ்ச்சியோடு கட்டுவது நல்லது. "ஆறு மணிக்குப் படிப்பேன்" என்றால் ஆறு மணி சத்தமில்லாமல் கடந்துபோய்விடும். "தேநீர்த் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் படிப்பேன்" என்றால், தம்ளர் தொட்டியில் கிடந்து முறைத்துக்கொண்டே இருக்கும்.

"முதல் மூன்று நாள் பறந்தேன், நாலாம் நாள் படுத்துவிட்டேன்"

அளவில் கோளாறு. எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு பஸ் ஓட்டுநர் வருகிறார், ஐம்பது வயதிருக்கும். வீட்டில் கிரியோல்தான். பாட்டி பேசிய தமிழைக் காதால் கேட்டதோடு சரி. இரண்டே வாரத்தில் 247 எழுத்தையும் முடிக்கிறேன் என்று வந்தார். முதல் நாள் இரவே கோடு போட்ட நோட்டில் ஆறு பக்கம் நிரப்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமை ஆளைக் காணோம். அதற்கடுத்த வாரமும் காணோம். பஸ் நிறுத்தத்தில் பார்த்துக் கேட்டேன். "கை வலிக்குது டீச்சர்" என்றார், சின்னப் பையன் மாதிரி.

247 என்பது பயமுறுத்துவதற்கென்றே கூட்டிய கணக்கு. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மிச்சம் 216ம் முன்னிரண்டும் கூடிப் பெற்ற பிள்ளைகள். ஆய்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினால் கையில் 30. கரேம் பத்து நாள், நாளைக்கு மூன்று எழுத்து. இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். "வெறும் மூணா?" என்று முகம் சுளித்தார். மூன்றுக்கு மேல் எழுதினால் அடித்துவிடுவேன் என்றேன்.

எழுத்தோடு ஒரு சில்லறை வேலையும் வைத்தேன். நம் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. (1998இல் புது நோட்டுகளில் இந்திக்குக் கீழே தமிழை இறக்கி அச்சடித்து, தமிழர்கள் கொதித்தெழுந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்ற கதை எங்கள் வீட்டில் இன்னும் பேச்சில் வரும்.) ஏழாம் நாள் அவர் சட்டைப்பையில் இருந்து நான்காக மடித்த நூறு ரூபாய்த் தாளை எடுத்தார், மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார், நகத்தால் தொட்டு "நூ... று" என்றார். முப்பது வருஷமாகக் கையில் வாங்கிக் கொடுத்த தாள். அப்புறம் அதை மடித்து வேறு பையில் வைத்துக்கொண்டார். செலவழிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இதற்கும் சோதனைச் சான்று உண்டு. ஆல்பர்ட் பாண்டூராவும் டேல் ஷன்க்கும் 1981இல் கழித்தல் கணக்கில் பின்தங்கிய சிறுவர்களுக்கு ஒரு பயிற்சிப் புத்தகம் கொடுத்தார்கள். 42 பக்கம், ஏழு அமர்வு. ஒரு கூட்டத்துக்கு "இன்றைக்கு ஆறு பக்கம்" என்றும் இன்னொரு கூட்டத்துக்கு "ஏழு அமர்வில் 42 பக்கம்" என்றும் சொன்னார்கள். கணக்கு ஒன்றேதான். ஆறு ஆறாகப் போன பிள்ளைகள்தான் நன்றாகக் கற்றார்கள், நம்மால் முடியும் என்ற தெம்பும் அவர்களுக்குத்தான் கூடியது.

சரிசெய்ய: அளவை முதல் தேதி உற்சாகத்தில் தீர்மானிக்காதீர்கள். தலைவலியோடு இரவு எட்டரைக்கு வீடு வந்து சேர்கிற செவ்வாய்க்கிழமையை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எவ்வளவு முடியுமோ அதுதான் அளவு. ஆனால் ரொம்பவும் சுருக்கினால் ருசி போய்விடும். நாளைக்கு ஒரு எழுத்து என்று வைத்திருந்தால் ஓட்டுநர் வேறு காரணம் சொல்லி நின்றிருப்பார்.

"ஒரு நாள் தவறிவிட்டது, அதோடு எல்லாம் போச்சு"

நான் பார்த்தவரை அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான். எனக்கே வந்திருக்கிறது, அதுவும் கரேமில்.

விரதத்தின் நான்காம் நாள். ஆசிரியர் அறையில் யாருக்கோ பிறந்தநாள். ஒரு கையால் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டே மறு கையால் தட்டில் இருந்து எடுத்து வாயில் போட்டேன். விழுங்கின பிறகுதான் கேக் என்று உறைத்தது. கேக் என்றால் முட்டை. அடுத்த அரைமணி நேரம் என் மூளை செய்த வேலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. விரதம்தான் கெட்டுப்போச்சே, சாயங்காலம் போகிற வழியில் ஆட்டு பிரியாணியே வாங்கிவிடலாம், அடுத்த வருஷம் ஒழுங்காக இருந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டது. நனைந்த பின் முக்காடு எதற்கு என்பார்களே, அதேதான். உணவுக்கட்டுப்பாட்டில் இருப்பவர்களிடம் இந்தப் புத்தியை உளவியலாளர்கள் விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். கொஞ்சம் தவறினவர் கொஞ்சத்தோடு நிற்பதில்லை. நான் இதற்கு முக்காடு நோய் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அத்தைக்குப் போன் போட்டேன். ஊரில் பாதிப் பேருக்குக் கரேம் சட்டம் சொல்கிறவர் அவர். நான் அழாக்குறையாகச் சொல்லி முடிப்பதற்குள், "வாயைக் கொப்பளிச்சியா?" என்றார். இல்லை என்றேன். "போய்க் கொப்பளி. திருநீறு பூசிக்கோ. ராத்திரி எப்பவும் போல ரொட்டியும் பூசணிக்காயும். பூசாரியைக் கேக்கப் போகாதே, அவரும் இதையேதான் சொல்வார், கொஞ்சம் நீட்டிச் சொல்வார்." பரிகாரமாக நாளைக்கு முழுப்பட்டினி இருக்கட்டுமா என்று கேட்டேன். "பட்டினி கிடந்தா நாளைக்கு மறுநாள் மயங்கி விழுவே. சும்மா இரு."

இந்தக் கடைசிப் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. தவறினதை மறுநாளோடு சேர்த்துச் சுமக்கக்கூடாது. மூன்று எழுத்து விட்டுப்போனால் நாளைக்கு ஆறு என்று வைப்பீர்கள். ஆறும் முடியாது. நாளன்றைக்கு ஒன்பது ஆகும். வட்டிக்கடன் குட்டி போடுகிற கதை. விட்டது விட்டதுதான். நாளைக்கு வெறும் மூன்று.

லண்டனில் ஃபிலிப்பா லாலி என்பவரும் கூட்டாளிகளும் 96 பேரை வைத்துப் பழக்கம் எப்படி உருவாகிறது என்று பார்த்தார்கள், 2010இல் அச்சில் வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு எதுவும் இல்லை. அத்தை அதைப் படித்ததில்லை.

சில சமயம் தவறுவது நம் கையிலும் இருக்காது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தது. போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம், கார்கள் மிதந்துபோயின. அந்த வருஷம் காவடி 25ஆம் தேதி, சரியாகப் பத்து நாள் இடைவெளி. எங்கள் தெருவில் யாரும் விரதத்தைத் தள்ளிப்போடவில்லை. கரண்ட் இல்லை, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவித்த மரவள்ளிக்கிழங்கு. விடியுமுன் கோயிலுக்குப் போகாவிட்டாலும் வீட்டு விளக்கு முன்னால் நின்றாலே போதும் என்று எல்லாருக்கும் தானாகவே தெரிந்திருந்தது.

சரிசெய்ய: உங்கள் குறிக்கோளுக்கும் புயல் விதி ஒன்றை முதல் நாளே எழுதி வையுங்கள். காய்ச்சல், விருந்தாளி, மூன்றாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை, எது வந்தாலும் அன்றைக்கு எது செய்தால் போதும்? நடைக்குப் பதில் வீட்டுப் படியில் பத்துமுறை ஏறி இறங்குவது. மூன்று எழுத்துக்குப் பதில் நேற்றைய எழுத்தை விரலால் காற்றில் எழுதுவது. அற்பமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

"பணம் சேர்க்கத்தான் நினைக்கிறேன், மாதக் கடைசியில் மிச்சமே இல்லை"

மிச்சத்தைச் சேமிப்பது என்பதே கோளாறு. மிச்சம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. டிசம்பர் போனஸ் வந்த வேகத்தில் போவதும், ஜனவரியில் பள்ளிச் சீருடைக்கும் செருப்புக்கும் கைமாற்று வாங்குவதும் வருஷாவருஷம் பார்ப்பதுதானே.

அதே ஆட்கள் சீட்டு மட்டும் ஒழுங்காகக் கட்டிவிடுவார்கள். பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய், முறை வருகிறவருக்கு 20,000. வட்டி ஒரு சல்லி கிடையாது, கணக்குப்படி பார்த்தால் வங்கியில் போடுவதற்கு மேல் லாபம் எதுவும் இல்லை. ஆனாலும் கட்டுகிறார்கள். சம்பளம் வந்த அன்றே இன்னொருத்தர் அந்தப் பணத்துக்காகக் காத்திருக்கிறார், கட்டாவிட்டால் முகத்தில் விழிக்க முடியாது.

சரிசெய்ய: தெரிந்தவர்கள் மட்டும் இருக்கிற சீட்டில் சேருங்கள். (தலைவரை நன்றாகத் தெரியாத சீட்டு வேண்டவே வேண்டாம், சேமிப்பும் போகும், உறவும் போகும்.) அது ஒத்துவராவிட்டால் சம்பளம் விழுகிற அன்றைக்கே வேறு கணக்குக்குத் தானாக மாறும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். காய்கறிச் சந்தைக்குப் போவதற்கு முந்தியே பணம் நகர்ந்துவிட வேண்டும்.

"ஊரெல்லாம் சொன்னேன், சொன்னதோடு சரி"

சொல்லும்போதே பாதி சாதித்த திருப்தி வந்துவிடுகிறது. "ஓ, தமிழ் படிக்கிறீங்களா!" என்று நாலு பேர் வியந்ததும் வயிறு நிறைந்துபோகும். அதே கோல்விட்சர் 2009இல் இதையும் சோதித்தார். நான் இப்படிப்பட்ட ஆளாகப் போகிறேன் என்ற வகை எண்ணத்தை மற்றவர்கள் கவனித்துக்கொண்டதும், உழைப்பு குறைந்ததைக் கண்டார். ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். வியப்பவராக இருக்கக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை இரவு மறக்காமல் போன் போட்டு "என்ன ஆச்சு?" என்று கேட்பவராக இருக்க வேண்டும். என்னிடம் அத்தை இருக்கிறார். உங்களுக்கும் ஓர் அத்தை இருப்பார்.

"ஐந்து குறிக்கோள் வைத்தேன், ஐந்தும் அரைகுறை"

ஒரு தோளில் இரண்டு காவடி தூக்கி யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? நாலைத் தாளில் எழுதி மடித்து அலமாரியில் வையுங்கள். அடுத்த பத்து நாளுக்கு ஆகும்.

"இதோ முடியப்போகிறது என்று நாள் தள்ளிக்கொண்டே போகிறது"

ரோஜர் பியூலரும் கூட்டாளிகளும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதுகிற மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சொன்னது சராசரியாக 33.9 நாள், ஆனது 55.5 நாள். நாம் எல்லாரும் அப்படித்தான். போன தடவை இழுத்ததை மறந்துவிட்டு இந்தத் தடவை எல்லாம் நேராக நடக்கும் என்று கணக்குப் போடுகிறோம்.

காவடிக்கு அந்த வசதி இல்லை. தை மாதம், பௌர்ணமி, பூச நட்சத்திரம். கோயில் கமிட்டி கூடினாலும் நகர்த்த முடியாது. என் மச்சான் வருஷாவருஷம் தானே காவடி கட்டுவார். மூங்கிலை வளைத்து, தென்னங்குருத்தை வகிர்ந்து பின்னி, மேலே மயிலிறகு, பூ. ஒரு வருஷம் இரவு ஷிஃப்ட் மாட்டிக்கொண்டது. தைப்பூசத்துக்கு முந்தின இரவு பதினொரு மணிக்கு வெறும் மூங்கில் வளைவும் ஒரு கைப்பிடி குருத்தும்தான் இருந்தன. அதையே தூக்கிக்கொண்டு நடந்தார். பால் செம்பின் வாயை மட்டும் வாழையிலையால் மூடி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார், அதில் குறை வைக்கவில்லை. நாள் போதாவிட்டால் காவடியில் பூ குறையும், பூசம் தள்ளிப்போகாது.

சரிசெய்ய: தேதியைத் தொடாதீர்கள், வேலையை வெட்டுங்கள். எதை வெட்டலாம், எது பால் செம்பு என்பதைத் தொடங்கும்போதே பிரித்து வைத்துக்கொண்டால் கடைசி இரவில் பதற்றம் இருக்காது. போன தடவை உண்மையில் எத்தனை நாள் ஆனது என்று நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைப்பதும் உதவும்.

"மேலே உள்ள எதுவும் என்னுடையது போல இல்லை"

அப்படியென்றால் இரண்டு கேள்வி. இந்தக் குறிக்கோள் யாருடையது? பிள்ளைக்காக அம்மா நேர்ந்துகொள்வது உண்டு, அதைப் பிள்ளை நிறைவேற்றுவதும் உண்டு. ஆனால் அண்ணன் சொன்னார் என்பதற்காகச் சேர்ந்த கணக்கியல் தேர்வுக்கு மூன்று வருஷமாக "நாளைக்குப் படிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், கோளாறு படிப்பில் இல்லை. விட்டுவிட்டால் நிம்மதி வருகிறதா, வருத்தம் வருகிறதா என்று ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். நிம்மதி வந்தால் அண்ணனிடம் பேச வேண்டியதுதான்.

இன்னொன்று: பிடித்த காரியம்கூடப் பிடிக்காமல், வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ இல்லாமல் எழுந்திருக்கவே முடியவில்லை என்றால், நோட்டையும் பேனாவையும் வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். அது வேறு பழுது.

"முடித்தேன், மறுநாளே பழைய குருடி கதவைத் திறடி"

கரேம் முடிந்த மறுநாள் எங்கள் தெருவில் கோழி வாசனை வரும், பியர் போத்தல் திறக்கிற சத்தமும் கேட்கும். யாருக்கும் குற்ற உணர்ச்சி கிடையாது. விரதம் பழக்கமாவதற்காக இருந்ததல்லவே, ஒரு வேண்டுதல், ஒரு தேதி, முடிந்தது. உங்கள் குறிக்கோளும் அந்த வகையாக இருந்தால் முடித்ததும் கோழி சாப்பிடுங்கள். 20,000 ரூபாய் சேர்ந்துவிட்டதா, துணி துவைக்கிற மெஷினை வாங்குங்கள்.

பழக்கமாக வேண்டும் என்றால் கணக்கு வேறு. மேலே சொன்ன லாலியின் ஆய்வில் ஒரு காரியம் தானாகவே நடக்கிற நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை போகும் என்று மதிப்பிட்டார்கள். 21 நாளில் எதுவும் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். அப்படியானால் பத்து நாள் என்பது ஒரு கட்டு மட்டும்தான். ஒன்பதாம் நாள் இரவே அடுத்த பத்தின் முதல் தேதியை எழுதிவிட வேண்டும். நடுவில் இரண்டு நாள் ஓய்வு விட்டாலும் பரவாயில்லை, ஆனால் தேதி இல்லாமல் விடக்கூடாது.

ஓட்டுநர் இப்போது நான்காவது பத்தில் இருக்கிறார். கோயில் சுவரில் நன்கொடையாளர் பெயர்க் கல்லைத் தினமும் மூன்று வரி படிக்கிறார். போன சனிக்கிழமை வந்து, கல்லில் எழுத்துப்பிழை இருக்கிறது டீச்சர் என்றார். அவருக்குத்தான் குறில் நெடில் குழம்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். மூன்று இடத்தில் நிஜமாகவே பிழை.